பூதக்கண்ணாடி (நாணயவியல்)

பூதக்கண்ணாடி அல்லது உருப்பெருக்கி என்பது ஒரு குவிவில்லையையோ ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்தப்பட்ட சில வில்லைகளையோ கொண்டு, சிறு பொருட்களைப் பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவி ஆகும். சிறியதைப் பூதம் போலப் பெரிதாகக் காட்டுவதால் இப்பெயர் வழங்கலாயிற்று. நாணயவியலில் இக்கருவி நாணயத்தின் மீதுள்ள எழுத்து, ஆண்டு, நாணயச்சாலைக் குறி, தேய்மானம் ஆகியவற்றை அறியவும், போலிகளை இனங்காணவும் பயன்படுகிறது. பழைய பித்தளை, எபோனைட்டு, பேக்கலைட்டுச் சட்டங்களில் அமைந்த பூதக்கண்ணாடிகளைச் சேகரிப்பது நாணயச் சேகரிப்பின் துணைப் பொழுதுபோக்காகவும் வளர்ந்துள்ளது.

தமிழக நாணயங்களைப் பொறுத்தவரை இக்கருவியின் தலையாய பயன், நாணயத்தைத் துலக்காமலேயே படிக்க உதவுவதாகும். செம்பு என்றால் புளியிட்டுத் தேய்ப்பது தமிழர் வீட்டு வழக்கம். அவ்வழக்கம் குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் ஏற்றது. பழைய செப்புக்காசுக்கு அது பெருங்கேடு. புளி, எலுமிச்சை, சாம்பல் ஆகியவற்றால் தேய்க்கப்பட்ட காசில் பச்சைப் படலத்தோடு எழுத்தின் விளிம்பும் போய்விடுகிறது. அவ்வாறு இழந்த எழுத்தை மீட்க வழியில்லை.

தென்பாண்டிச் சீமையும் சிறு காசுகளும்

கடையம், தென்காசி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்கள் அமைந்துள்ள மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் பல ஆட்சிகளைக் கண்ட பகுதியாகும். பாண்டியர், விசயநகரத்தார், மதுரை நாயக்கர், ஆற்காட்டு நவாப்பு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி என ஆட்சி மாறி மாறி வந்தது. பாண்டியரின் பிற்காலக் கிளையினர் தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியோடு இணைந்திருந்தது. கடற்கரைப் பக்கம் தூத்துக்குடியில் போர்த்துக்கீசரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் வாணிகம் செய்தனர். ஆகவே இப்பகுதி நாணயங்களைக் கற்க விரும்புபவர் வட்டெழுத்து நீங்கலாகத் தமிழ், நாகரி, தெலுங்கு, மலையாளம், பாரசீகம், உரோமன் என ஏறத்தாழ எல்லா எழுத்துகளையும் எதிர்கொள்ள நேரிடும். அவையும் பெரும்பாலும் விரல் நகத்தை விடச் சிறிய பரப்பில் அமைந்தவை.

இப்பகுதி நாணயங்கள் நூறாண்டுகளுக்கு முன்பே ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தன. வேலூரில் இருந்த கிறித்தவ மறைப்பணியாளர் லோவந்தால், திருநெல்வேலி நாணயங்களைப் பற்றி மட்டும் ஆங்கிலத்தில் ஒரு தனி நூலை 1888 இல் வெளியிட்டார். ஒரு மாவட்டத்தின் காசுகளுக்கென அக்காலத்திலேயே தனி நூல் தோன்றியது குறிப்பிடத்தக்கது. பழந்தமிழில் நாணயச்சாலை 'அக்கசாலை' எனப்பட்டது. கொற்கைக்கு அருகில் அக்காசாலை என்ற பெயரில் ஓர் ஊர் இன்றும் உள்ளது.

திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் இவ்வட்டாரத்தில் அறியப்பட்ட மிகச் சிறிய நாணயங்களுள் ஒன்று. அதன் எடை அரை கிராமுக்கும் குறைவு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது அந்நாட்டுக் கணக்கு. கையால் எண்ண முடியாத அளவு சிறியதாகையால், வரிசையாகக் குழிகள் இட்ட மரப்பலகையில் சக்கரங்களைக் கொட்டி, பலகையை அசைத்து, குழிக்கு ஒன்றாக நிரப்பி எண்ணினர். எண்ணுவதற்கே ஒரு கருவி தேவைப்பட்ட காசைப் படிப்பதற்கும் ஒரு கருவி தேவைப்படுவதில் வியப்பில்லை.

கருவியின் அமைப்பும் உருப்பெருக்கமும்

வில்லையின் குவியத்தூரம் குறையக் குறைய உருப்பெருக்கம் கூடும். தெளிவாகப் பார்ப்பதற்குரிய தூரம் 25 செ.மீ. எனக் கொள்ளப்படுவதால், 25 ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 10 செ.மீ. குவியத்தூரம் உடையது இரண்டரை மடங்கும், 5 செ.மீ. உடையது ஐந்து மடங்கும், 2.5 செ.மீ. உடையது பத்து மடங்கும் பெருக்கும். குவியத்தூரத்தை வீட்டிலேயே அளக்கலாம். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் வில்லையைப் பிடித்து, வெளியிலுள்ள மரத்தின் தலைகீழ் உருவம் சுவரில் கூர்மையாக விழும் வரை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். அந்நிலையில் வில்லைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள தூரமே ஏறத்தாழக் குவியத்தூரமாகும்.

பெரிய கண்ணாடி கூடுதலாகப் பெருக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை பெரும்பாலும் இதற்கு எதிரானது. உள்ளங்கை அளவுள்ள படிப்புக் கண்ணாடிகள் இரண்டு அல்லது இரண்டரை மடங்கே பெருக்கும். பத்து மடங்கு பெருக்கும் வில்லை சட்டைப் பொத்தான் அளவே இருக்கும். மலிவான கருவிகளின் சட்டத்தில் முப்பது, அறுபது என்று பொறிக்கப்பட்டிருக்கும் எண்களை மேற்கூறிய முறையில் அளந்து பார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

நாணயத்தை முழுமையாகப் பார்க்க மூன்று முதல் ஐந்து மடங்கு போதும். எழுத்தைப் படிக்க ஐந்து முதல் ஏழு மடங்கும், நாணயச்சாலைக் குறிக்கும் போலி ஆய்வுக்கும் பத்து மடங்கும் ஏற்றவை. அதற்கு மேற்பட்ட உருப்பெருக்கத்தில் பார்வைப் பரப்பு மிகச் சுருங்கி, எழுத்து மறைந்து உலோகத்தின் பரப்பு மட்டுமே தெரியும். தொடக்கநிலைச் சேகரிப்பாளர் இருபது மடங்குக் கண்ணாடியை முதலில் வாங்கி ஏமாற்றமடைவது வழக்கமாக நிகழ்வதே.

பழைய வகைகள்

வில்லையால் எழுத்தைப் பெரிதாக்கிக் காணும் முறையைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ரோசர் பேக்கன் விவரித்துள்ளார். சேகரிப்பாளர் கையில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

தனி வில்லையில் உருவத்தின் ஓரம் வளைந்தும், நிறம் பிரிந்தும் தெரியும். இக்குறையைக் களைய எழுந்த முயற்சிகளே பழைய வகைகளின் வரலாறு எனலாம். 1812 இல் வொல்லாசுட்டன் இரு வில்லைகளை இணைத்து ஒரு கருவியை வடிவமைத்தார். கண்ணாடி உருண்டையின் நடுவில் பள்ளம் வெட்டி ஓர ஒளியைத் தடுக்கும் வகை, 1829 இல் அதனைப் பரப்பிய காடிங்டன் பெயரால் வழங்குகிறது. மூன்று வில்லைகளை ஒட்டிச் செய்த மும்மை வில்லை பின்னர் வந்தது. நல்ல பத்து மடங்குக் கண்ணாடிகள் இன்றும் மும்மை வில்லை வகையினவே. செருமனியின் செய்சு (தொடக்கம் 1846), அமெரிக்காவின் பாசு அண்டு லாம்ப் (தொடக்கம் 1853) ஆகிய நிறுவனங்களின் பழைய மடக்குக் கண்ணாடிகள் சேகரிப்பாளரால் பெரிதும் விரும்பப்படுகின்றன.

தமிழகத்தில் பழைய பூதக்கண்ணாடிகள் நாணயவியலாளரிடமிருந்து வந்ததை விடப் பிற தொழில்களிலிருந்து வந்ததே மிகுதி. கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்குழியில் இடுக்கிக்கொள்ளும் குழாய் வடிவக் கண்ணாடி இரு கைகளுக்கும் விடுதலை அளிப்பதால், நாணயத்தை ஒரு கையிலும் விளக்கை மறு கையிலும் பிடிக்க ஏற்றது. துணி வணிகத்தில் ஓர் அங்குலத்தில் உள்ள இழைகளை எண்ணப் பயன்படும் மடக்குக் கண்ணாடி 'பிக் கிளாஸ்' என வழங்கும். அச்சகங்களில் புள்ளிகளைச் சரிபார்க்கவும் இதுவே பயன்பட்டது. மேசையில் நிறுத்தினால் குவியம் தானாகவே அமைந்துவிடுவதால் கை நடுக்கம் உள்ள முதியோருக்கு இது நன்று. எனினும் அதன் சட்டம் பக்க ஒளியை மறைக்கும்.

மற்றொரு வகை தாவரவியலாரின் மடக்குக் கண்ணாடி ஆகும். குற்றால மலைகள் நெடுங்காலமாகத் தாவரவியலாரை ஈர்த்து வந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராபர்ட் வைட் இம்மலைகளில் செடிகளைச் சேகரித்தார். பூவின் உறுப்புகளை எண்ணப் பயன்படும் அதே பத்து மடங்குக் கண்ணாடி காசின் எழுத்தை எண்ணவும் பயன்படுகிறது. கல்லூரிகளில் தாவரவியல் பயின்றோர் வீட்டுப் பெட்டிகளில் இத்தகைய கண்ணாடி ஒன்று கிடப்பது அரிதன்று.

பயன்படுத்தும் முறை

திரைப்படத் துப்பறிவாளர் போலக் கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பது பெருந்தவறு. கண்ணாடியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, நாணயத்தையே அதை நோக்கி உயர்த்த வேண்டும். பத்து மடங்குக் கண்ணாடியில் நாணயம் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. தூரத்தில் வரும்போது தெளிவாகும். மறு கண்ணையும் திறந்தே வைத்தால் களைப்புக் குறையும். நாணயத்தை விளிம்பில் பிடித்து, கீழே மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ள வேண்டும். சக்கரம் போன்ற காசுகள் தரையில் விழுந்தால் தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

உருப்பெருக்கத்தை விட ஒளியின் திசையே முதன்மையானது. நேர் மேலிருந்து விழும் ஒளியில் தேய்ந்த எழுத்து தெரிவதில்லை. ஒளி பக்கவாட்டில், தரைக்குச் சாய்வாக விழும்போது மேடான பகுதிகளின் நிழல் நீண்டு எழுத்து எழும்பி நிற்கும். பிறகு நாணயத்தை ஒளிக்குக் கீழே மெல்லச் சுழற்ற வேண்டும். ஒரு நிலையில் தெரியாத கோடு மற்றொரு நிலையில் தெரியும். ஒளி கீழ்ப்பக்கத்திலிருந்து வரும்போது மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும் மயக்கம் உண்டாவதால், படித்ததை ஒளியின் திசையை மாற்றி மீண்டும் படித்துப் பார்ப்பது நல்லது.

பாண்டியர் காசுகளைப் படிப்போர் இரண்டு இடர்களை அறிந்திருத்தல் வேண்டும். முதலாவது, அச்சு பெரிதாகவும் உலோகத் தகடு சிறிதாகவும் இருந்ததால் ஒரே காசில் முழுப் பெயரும் விழுவது அரிது. 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' போன்ற பெயர்களில் ஒரு காசில் தலைப்பகுதியும் மற்றொன்றில் கடைப்பகுதியும் மட்டுமே இருக்கலாம். ஒவ்வொரு காசிலும் தெரிவதை மட்டும் பென்சிலால் வரைந்து, பல காசுகளின் வரைபடங்களை அடுக்கிப் பார்த்தே முழுத் தொடரையும் பெற முடியும். மனத்தில் எதிர்பார்த்த எழுத்தை வரைந்துவிடாதிருக்கப் பயிற்சி தேவை.

இரண்டாவது இடர் புள்ளி ஆகும். இடைக்காலக் காசுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது பொது வழக்கமன்று. குறில், நெடில் எகர ஒகர வேறுபாடும் எழுத்தில் காட்டப்படவில்லை. பத்து மடங்குக் கண்ணாடியிலோ துருவின் ஒவ்வொரு பொரியும் ஒரு புள்ளியாகத் தோன்றும். அதை மெய்ப்புள்ளி எனக் கொண்டு புதிய மன்னரைக் கண்டுபிடித்துவிடுவோர் உண்டு. உருவாக்கப்பட்ட புள்ளி வட்டமாகவும் சரிந்த விளிம்புடனும் இருக்கும். துருப்பொரி ஒழுங்கற்று, நிறத்தில் வேறுபட்டு, எழுத்தின் மீதும் வெற்றிடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்கும்.

எழுத்து மாற்றிய வரலாறு

தமிழக நாணயவியலில் ஒரு சில எழுத்துகளின் வாசிப்பு எத்தகைய மாற்றத்தை உண்டாக்கும் என்பதற்குப் 'பெருவழுதி' நாணயம் சிறந்த எடுத்துக்காட்டாகும். சங்ககாலத் தமிழ் வேந்தர் தம் பெயர் பொறித்த காசு எதையும் வெளியிட்டதற்குச் சான்றில்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1980களின் நடுப்பகுதியில், தினமலர் நாளிதழின் ஆசிரியராக இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி (இறப்பு 2021), மதுரையில் கிடைத்த செப்புக்காசு ஒன்றில் குதிரை உருவத்துக்கு மேலே தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் இருப்பதைக் கண்டறிந்து வெளிப்படுத்தினார். வழுதி என்பது பாண்டியர்க்குரிய பெயர். பின்புறத்தில் கோடுகளால் அமைந்த மீன் சின்னம் உள்ளது. பின்னர்க் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் மன்னன் தலையுடன் 'மாக்கோதை' என்ற பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசுகளும் கிடைத்தன.

பெருவழுதி காசு ஒரு பாத்திரக்கடையில் புளியால் தேய்க்கப்பட்டோ, பழைய செம்போடு உருக்கப்பட்டோ போயிருந்தால், அப்பெயர் மீண்டிராது. ஐந்தே எழுத்துகள் கொண்ட அச்சொல் சங்க இலக்கியத்தில் அறியப்பட்ட ஒரு பெயரை உலோகத்தில் காட்டியது.

இக்காலத்துக்கு நெருங்கிய நிகழ்வு ஒன்றும் உண்டு. ஐந்தாம் சார்சு மன்னரின் 1911 ஆம் ஆண்டு ரூபாயில், மன்னர் அணிந்திருந்த அங்கியில் ஒரு சிறு யானை உருவம் இருந்தது. துதிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றி போலத் தோன்றியது. மக்களிடையே எதிர்ப்பு எழவே, வெளியிடப்படாதிருந்த காசுகள் உருக்கப்பட்டன. 1912 முதல் துதிக்கை தெளிவாகத் தெரியுமாறு அச்சு திருத்தப்பட்டது. இன்று 'பன்றி ரூபாய்' என வழங்கும் 1911 ரூபாயையும் அடுத்த ஆண்டு ரூபாயையும் அருகருகே வைத்து ஐந்து மடங்குக் கண்ணாடியில் பார்ப்பது மாணவருக்கு ஏற்ற பயிற்சியாகும்.

இதனினும் எளிய பயிற்சி சட்டைப்பையிலுள்ள சில்லறையிலேயே உள்ளது. இந்தியக் குடியரசு நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, விண்மீன் இருந்தால் ஐதராபாத்து, சிறு வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, குறி எதுவும் இல்லையெனில் கொல்கத்தா என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

போலிகளை அறிதல்

அச்சடித்த காசில் உலோகம் அழுத்தத்தால் பாய்ந்த நுண்ணிய கோடுகள் எழுத்திலிருந்து விளிம்பு நோக்கிச் செல்லும். வார்ப்புப் போலியில் இக்கோடுகள் இரா. மாறாக மணல் போன்ற சொரசொரப்பும், காற்றுக் குமிழிகளால் உண்டான சிறு குழிகளும், சில வேளை விளிம்பைச் சுற்றி இரு பாதிகள் இணைந்த கோடும் காணப்படும். ஆண்டின் ஓர் இலக்கம் மாற்றப்பட்டிருந்தால் அவ்விலக்கத்தைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் கீறலுடன் வேறு பளபளப்பில் தெரியும். எனினும் பழங்காலத்தில் அச்சுவார்ப்பில் செய்த உண்மைக் காசுகளும் உள்ளமையால், கண்ணாடி ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. எடையும் விட்டமும் துணைச் சான்றுகளாகும்.

பூதக்கண்ணாடிகளிலும் போலிகள் உள்ளன. இலண்டன் நிறுவனப் பெயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆண்டும் பொறித்து, இரசாயனத்தால் கருக்க வைத்த பித்தளைக் கண்ணாடிகள் இக்காலத்தில் பெருமளவில் செய்யப்படுகின்றன. அவை அலங்காரப் பொருளாகக் குற்றமற்றவை. பழம்பொருள் விலைக்கு வாங்குவதே தவறு. கை படும் இடத்தில் தேய்மானம் இல்லாது, மூலைமுடுக்கெல்லாம் ஒரே அளவில் கருமை படிந்திருப்பது ஐயத்துக்குரியது. வில்லையைச் சதுரக்கட்டத் தாளின் மீது வைத்துப் பார்த்தால் அதன் தரம் விளங்கும். நடுப்பகுதியில் கோடுகள் நேராக இருத்தல் வேண்டும். கண்ணாடிக்குள் ஒரிரு குமிழிகள் இருப்பது பழைய வில்லையில் குறையாகாது. யானைத் தந்தக் கைப்பிடி உள்ளவற்றை வாங்குவதும் விற்பதும் 1972 ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் தடை செய்யப்பட்டுள்ளது.

பேணுதல்

குற்றாலச் சாரல் காலமாகிய சூன் முதல் ஆகத்து வரையிலான மாதங்களில் மலையடிவார ஊர்களில் காற்றின் ஈரம் மிகும். அவ்வீரம் வில்லைக்கும் நாணயத்துக்கும் ஒருங்கே பகையாகும். தோல் உறையில் மூடி வைத்த வில்லையில் சிலந்தி வலை போன்ற பூஞ்சை படரும். நாளடைவில் அது கண்ணாடியையே அரிக்கும். செப்புக்காசில் வெளிர்பச்சைத் தூள் தோன்றினால் அது 'வெண்கல நோய்' எனப்படும் குளோரைடு அரிப்பாக இருக்கலாம். அத்தகைய காசை உடனே பிறவற்றிலிருந்து பிரிக்க வேண்டும். கெட்டியான அழுத்தமான பச்சைப் படலம் நோயன்று, அது காசுக்குப் பாதுகாப்பு. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது பத்து மடங்குக் கண்ணாடியே. காற்றுப்புகாப் பெட்டியில் சிலிக்கா செல் பொட்டலத்துடன் இரண்டையும் தனித்தனியே வைப்பது வழக்கம்.

வில்லையை வேட்டி நுனியால் துடைத்தல் கூடாது. தூசியை முதலில் ஊதி அகற்றி, பின் மெல்லிய பருத்தித் துணியால் துடைக்கலாம். பழைய கூட்டு வில்லைகள் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டப்பட்டவை. அவற்றைச் சாராயத்தில் அமிழ்த்தினால் ஒட்டு கரைந்து வில்லைகள் பிரிந்துவிடும். பூதக்கண்ணாடியை வெயில் படும் சன்னலோரத்தில் வைத்தால் கதிர்கள் குவிந்து தாளிலோ துணியிலோ தீப்பற்றக்கூடும்.

சட்டநிலை

நிலத்தில் புதைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள காசுகளைப் பற்றி 1878 ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் வேண்டும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டமையால் கடையம் வட்டாரத்தில் கிடைப்பவை தென்காசி ஆட்சியரின் பொறுப்பில் வரும். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் தடுக்கிறது. கிடைத்த குவியலைத் துலக்காமல், கிடைத்த இடத்தையும் உடனிருந்த மட்கலத் துண்டுகளையும் குறித்து ஒப்படைத்தால், காசின் எழுத்தோடு அது புழங்கிய இடத்தையும் ஆய்வாளர் அறிய முடியும்.